காதுக்கு எட்டாத பிரெஞ்சு: காணொளி வழி இடைநிலைக் கற்றல் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

பிரெஞ்சு படிக்கத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் கடந்தவர்களிடம் ஒரே முறையீட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். நாளிதழ்ச் செய்தியை அகராதியின் துணையோடு வாசித்துவிட முடிகிறது. வினைச்சொற்களின் காலங்களைப் பிழையின்றி எழுத முடிகிறது. ஆனால் ஒரு பிரெஞ்சுப் படத்தைப் போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மனம் சோர்ந்துவிடுகிறது. தெரிந்த சொற்களைக்கூடக் காது பிடிக்கவில்லை. இதற்கு இன்று எல்லோரும் தரும் பதில் ஒன்றுதான்: நிறையக் காணொளி பாருங்கள், தானாக வந்துவிடும்.

அந்தத் 'தானாக' என்ற சொல்லைத்தான் இக்கட்டுரை சோதிக்க விரும்புகிறது. காணொளி பார்ப்பதால் எது வருகிறது, எது வருவதில்லை, வருவதும் எந்த நிபந்தனையில் வருகிறது?

முதலில் இடைநிலை என்பது எது என்று வரையறுத்துக்கொள்வோம். ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட மொழித்தகுதிப் பொதுச் சட்டகம் கற்பவர்களை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளில் நிறுத்துகிறது. நடுவிலுள்ள பி1, பி2 ஆகிய இரண்டும் இடைநிலை. அச்சட்டகத்தின் கேட்டல் பகுதியை நிதானமாக வாசித்தால் ஒரு விஷயம் தெளிவாகும். பி1 படியில் இருப்பவர், பழகிய பொருள் பற்றி ஓரளவு மெதுவாகவும் தெளிவாகவும் பேசப்படும் நிகழ்ச்சியின் மையக் கருத்தைப் பிடித்தால் போதும். பொதுப் பேச்சுவழக்கில் அமைந்த திரைப்படங்களில் பெரும்பாலானவற்றைப் புரிந்துகொள்வது பி2வின் இலக்கு. அதிக முயற்சியின்றிப் படம் பார்ப்பது சி1இல்தான் வருகிறது. ஆக, பி1இல் நின்றுகொண்டு படம் புரியவில்லையே என்று வருந்துபவர், தம் படியிலிருந்து எவரும் எதிர்பார்க்காத ஒன்றுக்காகத் தம்மையே நொந்துகொள்கிறார். பிரெஞ்சு மொழித்தகுதிச் சான்றிதழுக்கான டெல்ஃப் பி1 தேர்விலும் கேட்டல் பகுதிக்கு மூன்று ஒலிப்பதிவுகள்தாம். எல்லாம் சேர்ந்து ஆறு நிமிடத்துக்கு மிகாது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஒலிக்கவிடுவார்கள். வாழ்க்கையில் எவரும் தம் பேச்சை இரண்டு முறை ஒலிக்கவிடுவதில்லை. தேர்வுக்கும் திரைக்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தில்தான் இடைநிலைக்காரர் விழுகிறார்.

2. சேன் க்ளூ: ஒரு பழைய முயற்சி

காணொளி வழிக் கற்றலை இணையத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவது பிழை. பிரெஞ்சு மொழியைப் பொறுத்தவரை அதற்கு எழுபது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாறு இன்றைய கேள்விக்கு நேரடியாகப் பயன்படுவது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பிரெஞ்சை உலகெங்கும் விரைவாகக் கற்பிக்கும் வழி தேடிய அரசு, பாரீஸ் அருகே சேன் க்ளூவில் இருந்த ஆசிரியர் கல்லூரியில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. மொழியியலாளர் ஜார்ஜ் கூகெனெம் தலைமையில் அக்குழு செய்தது அன்றைக்குப் புதுமையானது. எழுத்தாளர்களின் நூல்களை விட்டுவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மக்களின் உரையாடலைப் பதிவுசெய்தார்கள். 275 பேர் பேசிய 163 பதிவுகள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இதன் அடிப்படையில் வகுத்த அடிப்படைச் சொற்களின் பட்டியலும் ஆய்வும் 1956இல் நூலாக வந்தன.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பட்டியலன்று. பட்டியலில் இடம்பெறாமல் போன சொற்கள். எண்ணிப் பார்த்தபோது, எந்தப் பிரெஞ்சுக்காரர் வீட்டிலும் தினமும் கையாளப்படும் முட்கரண்டி போன்ற பொருள்களின் பெயர்கள் பதிவுகளில் அபூர்வமாகவே வந்திருந்தன. மேசையில் இருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேவைப்படும் கணத்தில் மட்டும் சொல் நாவுக்கு வந்து நிற்கிறது. அடிக்கடி வரும் சொற்கள் வேறு, அழைத்தால் வரத் தயாராக இருக்கும் சொற்கள் வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். எனவே உணவு, உடை, வீடு எனப் பொருள்வாரியாக மாணவர்களிடம் சொற்களைக் கேட்டு எழுதவைத்து, இரண்டாம் வகையைத் தனியே திரட்டினார்கள்.

இன்று செய்திக் காணொளிகளை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு நேர்வது இதே குறைதான். ஓய்வூதியச் சீர்திருத்தம் என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் தெரியும். அடுப்பங்கரைத் தொட்டி அடைத்துக்கொண்டால் குழாய்க்காரரிடம் என்ன சொல்வதென்று தெரியாது. எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்பதைவிட எந்தெந்த இடங்களில் நடக்கும் பேச்சைப் பார்த்தோம் என்பது முக்கியம் என்பதற்கு சேன் க்ளூ குழுவின் இந்தக் கண்டுபிடிப்பை விடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இந்தச் சொற்பட்டியலை அடித்தளமாகக் கொண்டு, ஸாக்ரெப் நகரத்து மொழியியலாளர் பெட்டார் குபெரினாவும் சேன் க்ளூ குழுவும் சேர்ந்து உருவாக்கியதே 'வுவா எ இமாஜ் து ஃபிரான்ஸ்' என்ற பாடத்திட்டம். சுவரில் படச்சுருளின் அசையாப் படங்கள் ஒவ்வொன்றாக விழும். அதற்கிசைய ஒலிநாடாவில் உரையாடல் ஓடும். எழுத்தைத் தொடக்கத்தில் காட்டவே மாட்டார்கள். காது கேளாதோரின் பேச்சு மறுவாழ்விலும் பணியாற்றிய குபெரினாவுக்கு இதில் உறுதியான கொள்கை இருந்தது. தாய்மொழி நம் காதில் ஒரு சல்லடையைப் பொருத்திவிடுகிறது. புதிய மொழியின் ஒலிகளையும் அதே சல்லடையில் சலித்துத்தான் கேட்கிறோம். எழுத்தை முன்னால் வைத்தால் சல்லடை இன்னும் இறுகிவிடும்.

1987இல் யேல் பல்கலைக்கழகத்தின் பியேர் காப்ரெட்ஸ் உருவாக்கிய 'ஃபிரெஞ்ச் இன் ஆக்‌ஷன்' தொலைக்காட்சித் தொடரும் இந்த மரபின் நீட்சியே. அரை மணி நேரப் பாகங்கள் ஐம்பத்திரண்டு. மிரேய், ரோபேர் என்ற இருவரின் கதை. அறிமுகப் பாகத்தைத் தாண்டிவிட்டால் ஆங்கில விளக்கம் கிடையாது. கதாநாயகியைக் காட்டிய விதம் பற்றி மாணவியர் எழுப்பிய கண்டனம் நியாயமானதே. ஆயினும் ஒரே சொல்லைப் பல பழைய படக் காட்சிகளிலிருந்து அடுத்தடுத்து வெட்டி ஒட்டிக் காதில் பதியவைக்கும் அதன் உத்தியை இன்றைய இணையப் பாடங்களில் மிகச் சிலவே எட்டுகின்றன.

3. எழுத்து ஒன்று, ஒலி வேறு

இடைநிலையில் காது ஏன் தோற்கிறது? சொல்வளம் போதாதது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் பிரெஞ்சின் அமைப்பிலேயே இருக்கிறது.

'பேசுகிறேன்', 'பேசுகிறாய்', 'பேசுகிறான்', 'பேசுகிறார்கள்' என்ற நான்கையும் பிரெஞ்சு மூன்று விதமாக எழுதுகிறது. காதுக்கு நான்கும் 'பார்ல்' என்ற ஒரே ஒலி. பச்சை, கண்ணாடிக் குவளை, புழு, 'நோக்கி' என்ற நான்கு சொற்களின் எழுத்துகள் வெவ்வேறு. நான்கின் ஒலியும் ஏறத்தாழ நம் 'வேர்' போன்றதே. எழுத்தின் வழியாக மொழியைக் கற்றவர் கண்ணால் பார்த்த வேறுபாடுகளைக் காதில் தேடுகிறார். இல்லாததைத் தேடுபவருக்கு இருப்பதும் தப்பிவிடுகிறது.

அடுத்தது சொற்களின் எல்லை. பிரெஞ்சில் அழுத்தம் சொல்லுக்கு உரியதன்று. சொற்றொடரின் கடைசி அசைக்கு உரியது. முந்திய சொல்லின் இறுதி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டிக்கொள்ளும். தனித்து நிற்கையில் ஊமையாக இருக்கும் எழுத்து, உயிர் தொடர்ந்தால் விழித்துக்கொள்ளும். 'லே', 'ஆமி' என்ற இரண்டும் சேர்ந்தால் 'லேஸாமி'. புணர்ச்சி இலக்கணம் படித்த தமிழருக்கு இது வியப்பாக இருக்கக் கூடாது. உடம்படுமெய் தோன்றுவதையும் குற்றியலுகரம் மறைவதையும் அறிந்தவர்கள் நாம். வேறுபாடு ஒன்றுதான்: நாம் புணர்ச்சியைப் பெரும்பாலும் எழுத்திலும் காட்டிவிடுகிறோம், பிரெஞ்சு அதைக் காதுக்கு மட்டுமே விட்டுவைக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பேச்சை அசை அசையாகப் பிரித்துக் கேட்கிறார்கள் என்றும், ஆங்கிலேயர் அப்படிக் கேட்பதில்லை என்றும் ஜாக் மேலர், ஆன் கட்லர் ஆகியோரின் 1980களின் ஆய்வுகள் காட்டின. கேட்கும் முறையும் கற்றுக்கொள்ள வேண்டியதே என்பது இதிலிருந்து பெறப்படும்.

மூன்றாவது, பேச்சுவழக்கு. 'எனக்குத் தெரியாது' என்பதைப் பாடநூல் 'ஜு நு ஸே பா' என்று நான்கு சொற்களாகக் கற்பிக்கிறது. தெருவில் அது 'ஷே பா'. 'இருக்கிறது' என்பதற்கான 'இல் இ ஆ' வாயில் 'யா' ஆகிவிடுகிறது. எதிர்மறையைக் குறிக்க இரண்டு சொற்கள் வேண்டும் என்பது இலக்கணம். அவற்றுள் முதலாவதான 'நு' பேச்சில் உதிர்ந்துகொண்டே வருகிறது. தூர் நகரத்தில் 1976இலும் 1995இலும் பேச்சைப் பதிவுசெய்து ஒப்பிட்ட வில்லியம் ஆஷ்பி, இடைப்பட்ட காலத்தில் அதன் வழக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்ததைக் கண்டார். 1993இல் தொடங்கி இருபது ஆண்டுகள் ஒளிபரப்பான 'ஸே பா ஸோர்சியே' என்ற சிறுவர் அறிவியல் நிகழ்ச்சியின் பெயரிலேயே அந்தச் சொல் இல்லை.

இந்த இடைவெளியைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. நூல் வழியாக மட்டும் தமிழ் கற்ற ஒருவர் 'போய்விட்டு வந்துவிடுகிறேன்' என்று காத்திருக்க, எதிரிலிருப்பவர் 'போய்ட்டு வந்துர்றேன்' என்று கிளம்பிவிட்டால் அவர் நிலை என்ன? பிரெஞ்சைப் புத்தகத்தில் படித்த நாம் அங்கே அந்த ஆள்தான். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணை எண்ணிப் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவர்கள் ஏராளம். எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு நெருக்கமாக வாங்கியவர்களும் ஒரு நிமிட உரையாடலைப் பின்தொடர முடியாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்களுக்கு அந்த மொழியின் ஒலியை யாரும் தரவில்லை.

குபெரினாவின் சல்லடை தமிழ்க் காதில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. மீன், பானம், நஞ்சு ஆகிய மூன்றுக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். மூன்றுமே 'புவாஸோன்' என்றுதான் வரும். முதல் மெய்யின் ஒலிப்பு மீனைப் பானத்திலிருந்தும், நடுமெய்யின் ஒலிப்பு மீனை நஞ்சிலிருந்தும் பிரிக்கிறது. நம் எழுத்து இரண்டையும் காட்டாது. ஆனால் வேறோரிடத்தில் தமிழர் முன்னால் நிற்கிறோம். பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். 'அவன் வந்தான்' என்று பேச்சில் சொல்லும்போது இறுதி 'ன்' மெய்யாக ஒலிப்பதில்லை; முன்னிற்கும் உயிர்தான் மூக்கில் ஏறுகிறது. அந்த ஒலி நம் வாயில் பிறவியிலேயே இருக்கிறது. எழுத்துத் தமிழை நினைத்துக்கொண்டு பிரெஞ்சைப் பேச முயல்வதால்தான் அதை மறந்துவிடுகிறோம்.

4. திரையின் அடியில் ஓடும் எழுத்து

காது தவறவிடுவதைக் கண்ணால் ஈடுசெய்யலாம் என்பதே சப்டைட்டில் வாதம். இதில் சான்றுகள் இரு பக்கமும் இருக்கின்றன. பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எந்த மொழியில் சப்டைட்டில் என்பது முதற்கேள்வி. ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மக்வீனும் 2009இல் வெளியிட்ட சோதனையில், ஆங்கிலம் அறிந்த டச்சுக்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் அமைந்த காட்சிகளைக் காட்டினார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள் பின்னர் அதுவரை கேட்டிராத வாக்கியங்களையும் நன்றாகப் பிடித்தார்கள். டச்சு எழுத்தோடு பார்த்தவர்களோ புதிய வாக்கியங்களில் சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். தாய்மொழி எழுத்து கதையைத் தந்துவிட்டது. காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆங்கில எழுத்தோடு பிரெஞ்சுத் தொடர் பார்ப்பது பொழுதுபோக்காக இருக்கலாம். அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பிரெஞ்சு எழுத்தோடு பார்த்தால்? மாரிபெல் மொண்டேரோ பெரெஸும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு பிரெஞ்சு கற்பவர்களையே பற்றியது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த 133 பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பிரெஞ்சுக் காட்சிகளை இரண்டு முறை பார்த்தார்கள். எழுத்தோடு பார்த்த குழுக்கள் புதிய சொற்களின் வடிவத்தை அடையாளம் காண்பதில் முந்தின. பொருளைத் தெரிவுகளிலிருந்து கண்டுகொள்வதில், முக்கியச் சொற்களை மட்டும் காட்டிய குழுவும், அவற்றை எடுப்பாகக் காட்டிய குழுவும் முந்தின. ஆனால் பொருளை நினைவிலிருந்து சொல்லக் கேட்டபோதும், காட்சி எவ்வளவு புரிந்தது என்று அளந்தபோதும் எழுத்தால் வேறுபாடு ஏற்படவில்லை. இந்த முடிவின் கடைசிப் பகுதியைக் காணொளிப் பரப்புரைகளில் நாம் காண்பதில்லை. 'இந்தச் சொல்லை எங்கோ பார்த்திருக்கிறேன்' என்ற நிலை வரை சப்டைட்டில் கொண்டுவந்து விடுகிறது. அங்கிருந்து 'இந்தச் சொல் எனக்குத் தெரியும்' என்ற நிலைக்குக் கற்பவர்தாம் நடக்க வேண்டும். அதே ஆய்வில் சொல்வளம் மிகுந்தவர்களே புரிதலிலும் சொற்களிலும் அதிகம் பெற்றார்கள். உள்ளவருக்கே மேலும் கிடைக்கிறது.

ஆய்வுகள் அதிகம் பேசாத ஒரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு சப்டைட்டில் பேச்சை அப்படியே தருவதில்லை. இடத்துக்காகச் சுருக்குகிறது; இலக்கணத்துக்காகத் திருத்துகிறது. நடிகர் 'ஷே பா' என்கிறார்; கீழே நான்கு சொற்களும் முழுதாக நிற்கின்றன. பார்ப்பவர் கேட்டதை விட்டுவிட்டுப் படித்ததையே கேட்டதாக நம்பிவிடுகிறார். மொழிமாற்றம் செய்யப்பட்ட படங்களில் நிலை இன்னும் மோசம். குரலுக்கு ஒரு மொழிபெயர்ப்பு, எழுத்துக்கு இன்னொன்று; இரண்டும் பொருந்துவதில்லை. எனவே முதலில் பிரெஞ்சிலேயே எடுக்கப்பட்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை விருப்பமாகச் சொல்லவில்லை, கட்டாயமாகவே சொல்கிறேன்.

5. கனடாவின் அனுபவம்

புரியக்கூடிய மொழியைப் போதிய அளவு கேட்டால் போதும், பேச்சு தானே பின்தொடரும் என்ற கருத்துக்கு 1980களில் வலுவான வடிவம் தந்தவர் ஸ்டீஃபன் கிராஷன். 'தானாக வந்துவிடும்' என்பதன் கோட்பாட்டு வேர் அங்கேதான் இருக்கிறது. அதை மறுத்த சான்று பிரெஞ்சு வகுப்பறைகளிலிருந்தே வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1965இல் கியூபெக் மாநிலத்தின் சேன் லாம்பேர் ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோரின் முயற்சியால் அவர்களின் குழந்தைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே நடத்தும் வகுப்பு தொடங்கியது. இம்முறை கனடா முழுவதும் பரவியது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பிரெஞ்சைக் கேட்ட அந்தக் குழந்தைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளை நெருங்கினார்கள். பேச்சிலோ பெயர்ச்சொற்களின் பால், இறந்தகால வினை போன்றவற்றில் பிழைகள் ஆண்டுக்கணக்கில் நீங்கவில்லை. இதை ஆராய்ந்த மெரில் ஸ்வேன் 1985இல் தம் விளக்கத்தை வைத்தார். கேட்கும்போது பொருள் கிடைத்தவுடன் மனம் நின்றுவிடுகிறது. வாக்கியம் எப்படி அமைந்தது என்று பார்க்கத் தேவை எழுவதில்லை. பேச முனையும்போதுதான் தனக்கு என்ன தெரியவில்லை என்பது ஒருவருக்குத் தெரிகிறது.

காணொளி பார்ப்பவர் அந்தக் குழந்தைகளைவிட எவ்விதத்திலும் மேலான நிலையில் இல்லை. அவர்களுக்கு ஆசிரியராவது எதிரில் இருந்தார். திரை பதில் கேட்பதில்லை.

ஆனால் அதே வகுப்பறைகளின் இன்னொரு குறை காணொளியின் தனிச் சிறப்பைக் காட்டுகிறது. அம்மாணவர்கள் மரியாதைப் பன்மையான 'வூ' வர வேண்டிய இடத்திலும் 'நீ' எனப் பொருள்படும் 'த்யு' என்றே பேசினார்கள் என்று ராய் லிஸ்டர் 1994இல் காட்டினார். வகுப்பறையில் ஒரே ஓர் உறவுதான் உண்டு. அங்கே கேட்க முடியாத உறவுகளைத் திரை தருகிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு நமக்குப் புதிதன்று என்பதால் தமிழர் இதை எளிதாகக் கடந்துவிடுவதாக நினைக்கிறோம். கடப்பதில்லை. நம் வழக்கில் மனைவி 'நீங்கள்' என்பதும் கணவன் 'நீ' என்பதும் பல வீடுகளில் இயல்பு. பிரெஞ்சில் பெரியவர்களுக்கிடையே அது பொதுவாக இருபுறமும் சமமாக ஓடுவது. பல அலுவலகங்களில் வயதில் மூத்தவரோடும் 'த்யு' போட்டுப் பேசுவதும், கடையில் நிற்கும் இளைஞரிடம் 'வூ' போடுவதும் வழக்கம். 'த்யு' என்றே பேசிக்கொள்வோமா என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்கும் அந்தக் கணத்தை, கேட்பவரின் முகத்தோடும் தயக்கத்தோடும் காட்டுவதற்குக் காணொளிக்கு நிகரான பாடநூல் இல்லை.

6. எதை, எப்படி

சான்றுகளின் எடையை வைத்துப் பார்த்தால் என் கணிப்பு இது: காணொளி காதைத் திறக்கும், நாவைத் திறக்காது, காதையும் ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் திறக்கும்.

தொடங்குமிடமாக ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியும், படிநிலை குறித்துப் பயிற்சிகளோடு வரும் டிவி5 மோந்த் தொலைக்காட்சியின் துண்டுகளும் பயன்படும். யூகோ கொத்தோனின் 'இன்னர்ஃபிரெஞ்ச்' காணொளிகள் போன்றவை தெளிவாக உச்சரித்து, வளர்ந்தவர்களுக்கு ஏற்ற பொருள்களைப் பேசுகின்றன. இவற்றிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவது ஆபத்து. கற்பவருக்காகவே பேசப்படும் பிரெஞ்சு தனியொரு வழக்கு. அதில் யாரும் குறுக்கிட்டுப் பேசுவதில்லை. அடுத்த படியாக நான் பரிந்துரைப்பது 1999 முதல் 2003 வரை வந்த 'அன் கா, யூன் ஃபீய்' என்ற தொலைக்காட்சித் தொடர். ஓர் இணையரின் வீட்டுச் சண்டைகள். ஒவ்வொன்றும் ஏழு நிமிடம் போல. சமையலறை, கார், கடை, மாமியார் வீடு என்று இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சேன் க்ளூ குழு தேடிய அந்த முட்கரண்டிச் சொற்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

பார்க்கும் முறைக்குப் பிரெஞ்சுப் பள்ளிகளிலேயே ஒரு பழைய கருவி உண்டு: சொல்வதெழுதுதல். முப்பது விநாடித் துண்டு ஒன்றை எழுத்தை மறைத்துக் கேட்டு, காதில் விழுந்ததை எழுதி, பிறகு எழுத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். விடுபட்ட இடங்கள் எங்கே என்று பார்த்தால் பாதிக்கு மேல் தெரிந்த சொற்களாகவே இருக்கும். அவை ஒட்டிக்கொண்ட விதம்தான் தெரியாமல் இருந்தது. பிறகு எழுத்தை மூடி அதே துண்டை வாய்விட்டுச் சொல்லி, கதையைத் தம் சொற்களில் யாரிடமாவது சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைத்துக் கேட்பதை நான் ஆதரிப்பதில்லை. பழக வேண்டியது வேகத்தில் சொற்கள் உருகி ஒட்டும் விதத்தை. மெதுவாக்கினாலும் ஒட்டியவை பிரிவதில்லை, தாளம்தான் கெடுகிறது.

இதுவரை சொன்னது எல்லாம் எழுத்திலிருந்து ஒலிக்குப் போகிறவரைப் பற்றியது. எதிர்த்திசையில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். பாரீஸின் லா ஷாபெல் பகுதியைச் சுற்றிக் கடை வைத்தும் உணவகச் சமையலறைகளில் வேலை செய்தும் வாழும் ஈழத்தமிழர்களில் பலருக்கு 'ஷே பா' பழக்கமான ஒலி. பாத்திரம் கழுவும் இடத்தில், வேகமான கட்டளைகளில், அவர்கள் கேட்ட பிரெஞ்சு அது. 2020 வரை குடியுரிமைக்குப் பி1 தரத்தில் பேச்சுத் திறனைக் காட்டினால் போதுமாயிருந்தது. பின்னர் எழுத்துத் திறனும் சேர்ந்தது. 2024 ஜனவரிச் சட்டத்தின்படி 2026 தொடக்கத்திலிருந்து தேவை பி2 ஆக உயர்ந்திருக்கிறது. இருபது ஆண்டு கேட்டுப் பேசிய மொழியின் எழுத்து வடிவத்தை இப்போது அவர்கள் தேட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு மாணவருக்குத் தடையாக நிற்கும் சப்டைட்டில், அவர்களுக்குப் பாடநூலாகிறது. நடிகர் 'ஷே பா' என்று சொல்லும்போது, அதற்குள் நான்கு சொற்கள் இருந்தன என்பதைத் திரையின் அடியில் அவர்கள் முதன்முறையாகப் பார்க்கிறார்கள்.